ஜின்னாவும் திருவிதாங்கூர் திவானும்: 1947இன் கடிதத் தொடர்பும் குமரி முஸ்லிம்களும்

ஆண்டுதோறும் ஆகஸ்ட் மாதம் வந்தால் நம் பிள்ளைகளின் காதில் ஒரு கேள்வி விழுகிறது. "நாட்டைப் பிரித்தது ஜின்னாதானே, அவர் உங்கள் ஆள்தானே?" பள்ளிக்கூடத்திலும் கேட்கிறார்கள், தேநீர்க் கடையிலும் கேட்கிறார்கள், இப்போது கைப்பேசியிலும் கேட்கிறார்கள். கேட்பவர்கள் எல்லோரும் பகைமையோடு கேட்பதில்லை. பலர் தெரியாமல்தான் கேட்கிறார்கள். பதில் சொல்ல வேண்டிய நம் பிள்ளைகளுக்கும் பெரும்பாலும் விவரம் தெரியாது என்பதுதான் நம் வருத்தம்.

கன்னியாகுமரி மாவட்டத்துப் பிள்ளைகள் அறிந்துகொள்ள வேண்டிய ஒரு வரலாறு இருக்கிறது. 1947இல் நம் மண்ணை ஆண்ட அரசின் சார்பில் முஹம்மது அலீ ஜின்னாவோடு நேரடியாகத் தொடர்பு கொண்டவர் ஒருவர் உண்டு. பாகிஸ்தானுக்குத் தனித் தூதரை நியமிப்பதாக அறிவித்தவரும் அவரே. அவர் முஸ்லிம் அல்லர். திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர்தான் அவர். இதை எவரையும் இழிவுபடுத்த எழுதவில்லை. அன்றைய அரசியலை அன்றைய கண்ணோடு பார்க்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறோம்.

அன்று நாம் எந்த நாட்டில் இருந்தோம்?

இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் 1947இல் சென்னை மாகாணத்தில் இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் தென்பகுதியாக இருந்தன. திருவிதாங்கூர் என்ற பெயரே நம் திருவிதாங்கோட்டிலிருந்து வந்தது என்பதை நாம் அறிவோம். பழைய தலைநகரான பத்மநாபபுரமும் நம் தக்கலைக்கு அருகில்தான் இருக்கிறது.

ஆகவே கோட்டாறு, இடலாக்குடி, தக்கலை, திருவிதாங்கோடு, குளச்சல், தேங்காய்ப்பட்டணம் ஊர்களின் முஸ்லிம்கள் நேரடி பிரிட்டிஷ் ஆட்சியின் குடிமக்களாக இருக்கவில்லை. மகாராஜா சித்திரைத் திருநாள் பலராம வர்மாவின் குடிகளாக இருந்தார்கள். 1941 கணக்கெடுப்பின்போது சமஸ்தானத்தின் மக்கள்தொகை சுமார் 60 லட்சம். அதில் முஸ்லிம்கள் நூற்றுக்கு ஏழு பேர் அளவில் இருந்தனர். 1936 முதல் திவானாக இருந்த சி.பி.யின் கையில்தான் ஆட்சியின் கடிவாளம் இருந்தது.

ஜின்னாவோடு கடிதம் எழுதியவர்கள்

ஜின்னாவோடு கடிதத் தொடர்பு வைத்திருப்பது அந்தக் காலத்தில் குற்றமாகக் கருதப்படவில்லை என்பதை முதலில் மனத்தில் கொள்ள வேண்டும். 1938இல் ஜவாஹர்லால் நேருவும் சுபாஷ் சந்திர போஸும் அவரோடு கடிதப் போக்குவரத்து நடத்தினர். 1944இல் ராஜாஜி, முஸ்லிம் லீக்கும் காங்கிரஸும் உடன்படுவதற்கான தம் திட்டத்தை ஜின்னாவுக்கு எழுதினார். அந்தக் கடிதங்கள் அதே ஆண்டு ஜூலையில் வெளியாயின. செப்டம்பர் 9 முதல் 27 வரை மகாத்மா காந்தி பம்பாயில் ஜின்னாவின் இல்லத்துக்கே சென்று பேசினார். பேசியதோடு நிற்காமல் இருவரும் நாள்தோறும் கடிதமும் எழுதிக்கொண்டனர். பேச்சு முறிந்ததும் அக்கடிதங்கள் மக்கள் பார்வைக்கு வந்தன.

தமிழ்நாட்டிலிருந்து தந்தை பெரியாரும் எழுதினார். 1940 ஜனவரியில் பம்பாயில் ஜின்னாவைச் சந்தித்தவர் அவர். 1941 ஏப்ரலில் சென்னையில் நடந்த முஸ்லிம் லீக் மாநாட்டின்போது இந்த நட்பு மேலும் வெளிப்பட்டது. 1944 ஆகஸ்ட் 9ஆம் தேதி பெரியார், திராவிட நாட்டுக் கோரிக்கையையும் பாகிஸ்தான் கோரிக்கையோடு சேர்த்து வலியுறுத்த வேண்டும் என்ற கருத்தில் ஜின்னாவுக்குக் கடிதம் எழுதினார். ஆகஸ்ட் 17ஆம் தேதி பதில் வந்தது. சென்னை மாகாணத்துப் பிராமணரல்லாத மக்களிடம் தமக்கு அனுதாபம் உண்டு, ஆனால் திராவிட நாடு வேண்டுமா என்பதை அந்த மக்களே தீர்மானிக்க வேண்டும், அவர்களுக்காகத் தாம் பேச முடியாது என்பதே அப்பதிலின் சாரம்.

இந்தப் பதிலை நாம் நினைவில் வைத்துக்கொள்வோம். 'உங்கள் விஷயத்தை உங்கள் மக்களே தீர்மானிக்கட்டும்' என்று 1944இல் பெரியாருக்கு எழுதிய அதே ஜின்னா, 1947இல் திருவிதாங்கூருக்கு எழுதும்போது மக்களைப் பற்றிப் பேசவில்லை.

1947 ஜூன் மாதம்

1947 ஜூன் 3ஆம் தேதி மவுண்ட்பேட்டன் திட்டம் அறிவிக்கப்பட்டது. பிரிட்டிஷ் இந்தியா இரண்டாகப் பிரியும் என்பது உறுதியானது. ஆனால் ஐந்நூறுக்கும் மேற்பட்ட சமஸ்தானங்கள் என்ன ஆகும் என்ற கேள்வி எஞ்சியது. பிரிட்டிஷ் மேலாதிக்கம் முடிவுக்கு வந்ததும் சட்டப்படி அவை எவருக்கும் கட்டுப்பட்டவை அல்ல என்ற வாதம் எழுந்தது.

அந்த வாதத்தை முதலில் செயலில் காட்ட முனைந்தது திருவிதாங்கூர். ஆகஸ்ட் 15 முதல் அது சுதந்திர நாடாக இருக்கும் என்று ஜூன் 11ஆம் தேதி திவான் சி.பி. அறிவித்தார். மறுநாள் ஹைதராபாத் நிஜாமும் அதே வழியில் அறிவிப்புச் செய்தார். ஜூன் 14, 15 தேதிகளில் டெல்லியில் கூடிய அகில இந்திய காங்கிரஸ் கமிட்டி, சமஸ்தானங்கள் தனி நாடுகளாகும் உரிமையை ஏற்க மறுத்தது.

முஸ்லிம் லீக்கின் நிலை வேறாக இருந்தது. மேலாதிக்கம் நீங்கியதும் சமஸ்தானங்கள் சட்டப்படி இறைமை பெற்றவை, இந்தியாவோடு சேரலாம், பாகிஸ்தானோடு சேரலாம், தனித்தும் இருக்கலாம் என்று ஜூன் 17ஆம் தேதி ஜின்னா அறிக்கை வெளியிட்டார். ஜூன் 20ஆம் தேதி திவானுக்கு அவரிடமிருந்து தந்தி வந்தது. இரு தரப்புக்கும் நன்மை தரும் உறவைத் திருவிதாங்கூரோடு ஏற்படுத்திக்கொள்ளப் பாகிஸ்தான் ஆயத்தமாக இருக்கிறது என்பது அதன் செய்தி.

திவானும் தாமதிக்கவில்லை. பாகிஸ்தானில் திருவிதாங்கூரின் பிரதிநிதியாக, சமஸ்தானக் காவல்துறையின் தலைமைப் பொறுப்பிலிருந்து ஓய்வு பெற்ற கான் பகதூர் அப்துல் கரீம் சாஹிப் நியமிக்கப்படுவதாக அறிவித்தார். ஒரு சமஸ்தானம் இன்னும் பிறக்காத நாட்டுக்குத் தன் பிரதிநிதியைத் தேர்ந்தெடுத்துவிட்டது.

ஜூலையில் மவுண்ட்பேட்டனைச் சந்தித்தபோது, ஜின்னாவோடு வணிக ஒப்பந்தம் உள்ளிட்ட பூர்வாங்க ஏற்பாடுகளைச் செய்திருப்பதாகத் திவான் கூறியதை மவுண்ட்பேட்டன் லண்டனுக்கு அனுப்பிய அறிக்கையில் பதிவு செய்திருக்கிறார்.

இதே நாட்களில் இன்னொருவரும் திவானுக்கு ஆதரவுத் தந்தி அனுப்பினார். இந்து மகாசபையின் முன்னாள் தலைவர் வி.டி. சாவர்க்கர்தான் அவர். இந்து சமஸ்தானமான திருவிதாங்கூர் தனித்து நிற்பது அவருக்கு உவப்பாக இருந்தது. ஜின்னாவும் சாவர்க்கரும் ஒரே திவானின் ஒரே முடிவை வரவேற்றார்கள். 1947ஐ 'இந்துவா முஸ்லிமா' என்ற ஒற்றை அளவுகோலால் அளக்க முயல்பவர்கள் இந்த ஒரு செய்தியை யோசித்தால் போதும்.

யாருக்கு என்ன லாபம்?

இந்தக் கடிதங்களில் மார்க்கம் பேசப்படவில்லை. பேசப்பட்டது அரச நலன்.

திருவிதாங்கூருக்கு நீண்ட கடற்கரை இருந்தது. தேங்காய், கயிறு, மிளகு, தேயிலை, ரப்பர் என்று வெளிநாட்டுக்கு விற்கும் சரக்கு இருந்தது. எல்லாவற்றுக்கும் மேலாக நம் மணவாளக்குறிச்சி மணல் இருந்தது. 1909இல் ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் திருவிதாங்கூர்க் கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதைக் கண்டறிந்தார். விளக்குகளின் வலைத்திரிக்குத் தேவையான தோரியம் அதில் இருந்ததால் மணவாளக்குறிச்சியில் மணல் பிரிக்கும் தொழில் தொடங்கியது. 1945இல் ஹிரோஷிமாவுக்குப் பிறகு தோரியம் அணுசக்திக்குரிய பொருளாகப் பார்க்கப்பட்டது. நம் மீனவர்கள் வலை உலர்த்திய மணல் வல்லரசுகளின் கணக்கில் ஏறியது. தனி நாடாக நிற்க முடியும் என்ற திவானின் நம்பிக்கைக்கு இந்த மணலும் ஒரு காரணம்.

ஆனால் அந்தச் செல்வத்துக்கு நடுவே ஒரு பெரிய குறை இருந்தது. சோறு. நாஞ்சில் நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்றிருந்தாலும், சமஸ்தானம் முழுவதற்கும் நம் வயல்கள் போதவில்லை. பர்மா அரிசியை நம்பியிருந்தார்கள். 1942இல் ஜப்பான் பர்மாவைப் பிடித்ததும் அந்த வழி அடைபட்டது. பங்கீட்டு அரிசிக்கும் மரவள்ளிக் கிழங்குக்கும் மக்கள் தள்ளப்பட்ட காலம் அது. இந்தியாவோடு சேராமல் நிற்கும் திருவிதாங்கூர், தானியத்துக்கு வேறு இடம் தேடியாக வேண்டும். பாகிஸ்தானுக்குப் போகவிருந்த சிந்து மாகாணமோ அரிசி மிகுதியாக விளையும் பூமி. 'இரு தரப்புக்கும் நன்மை' என்ற சொல்லை இந்தப் பின்னணியில் வைத்துத்தான் படிக்க வேண்டும்.

ஜின்னாவின் கணக்கும் புரியாததல்ல. இந்தியாவோடு சேராத சமஸ்தானங்கள் எவ்வளவு கூடுகின்றனவோ அவ்வளவு தூரம் புதிய இந்திய அரசின் பலம் குறையும். அதே ஆண்டு ஆகஸ்டில் ஜோத்பூரின் இந்து மன்னரிடம் வெற்றுத்தாளை நீட்டி, விரும்பும் நிபந்தனைகளை எழுதிக்கொள்ளச் சொன்னார் என்று வி.பி. மேனன் பதிவு செய்திருப்பதும் இதே கணக்கில் வருவதுதான்.

இங்கே நாம் நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். மன்னர் முடிவு செய்தால் போதும் என்ற ஜின்னாவின் நிலைப்பாடு மக்களை மறந்த நிலைப்பாடு. அந்த ஜூன் மாதத்துத் தந்தியில் திருவிதாங்கூரின் 60 லட்சம் பேருக்கும் இடமில்லை. அவர்களில் ஒரு பகுதியான முஸ்லிம்களுக்கும் இடமில்லை.

நம்மை யாரும் கேட்கவில்லை

திவானின் திட்டம் நிறைவேறியிருந்தால் நமக்கு என்ன ஆகியிருக்கும்? ஆரல்வாய்மொழிக் கணவாய் இரு நாடுகளின் எல்லையாகியிருக்கும். மேலப்பாளையத்திலும் காயல்பட்டினத்திலும் பெண் கொடுத்துப் பெண் எடுத்த குடும்பங்கள் வெளிநாட்டு உறவினர்களாகியிருப்பார்கள். நெல்லைச் சந்தைக்குப் போகும் வியாபாரி அனுமதிச் சீட்டோடு போயிருப்பார். இத்தனை பெரிய முடிவு எடுக்கப்பட்டபோது இடலாக்குடியையோ தேங்காய்ப்பட்டணத்தையோ யாரும் கருத்துக் கேட்கவில்லை. அப்துல் கரீம் சாஹிபின் பெயரை வைத்து, இது முஸ்லிம்களின் ஏற்பாடு என்று சொல்லிவிடவும் முடியாது. அவர் திவானின் அரசில் உயர் பதவி வகித்த அதிகாரி. அவரைத் தேர்ந்தெடுத்தவர் திவான்.

அப்படியானால் நம் மக்களின் மனம் அந்த நாட்களில் எங்கே இருந்தது? எல்லோரும் ஒரே அணியில் இருந்தார்கள் என்று சொன்னால் அது வரலாறாகாது. ஆனாலும் சில பெயர்களை மறக்கக் கூடாது.

இடலாக்குடியில் பிறந்த சதாவதானி செய்குத்தம்பிப் பாவலர் அப்போது உயிரோடு இருந்தார். 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் ஒரே நேரத்தில் நூறு செய்திகளில் கவனம் செலுத்திச் சதாவதானி என்று புகழ்பெற்ற அந்த மேதை, கதர் உடுத்தி விடுதலை இயக்கத்தை ஆதரித்தவர். 1950இல்தான் அவர் வஃபாத்தானார். திருவிதாங்கூரிலிருந்து சென்ற வக்கம் அப்துல் காதர், நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்காக 1943 செப்டம்பர் 10ஆம் தேதி சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். ஜின்னாவின் தந்தி வந்த அதே சமஸ்தானத்தின் முஸ்லிம்கள்தாம் இவர்களும்.

எப்படி முடிந்தது?

ஜூலை மாத இறுதிக்குள் எல்லாம் தலைகீழானது. திவானின் ஆட்சிமீது மக்களுக்கு முன்பே கடும் கோபம் இருந்தது. 1946 அக்டோபரில் புன்னப்புரா, வயலாரில் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்ட ரத்தம் காயவில்லை. 1947 ஜூலை 25ஆம் தேதி திருவனந்தபுரத்தில் இசைக் கச்சேரிக்குச் சென்ற சி.பி., கே.சி.எஸ். மணி என்ற இளைஞரால் வெட்டப்பட்டுப் படுகாயமடைந்தார். ஜூலை 30ஆம் தேதி, இந்தியாவோடு இணைய இசைவதாக மகாராஜா மவுண்ட்பேட்டனுக்குத் தந்தி அனுப்பினார். ஆகஸ்ட் 19ஆம் தேதி சி.பி. பதவியை விட்டு விலகினார். கராச்சியில் திருவிதாங்கூரின் தூதரகம் செயல்படும் நிலை வரவே இல்லை.

பிரிவினைக்குப் பிறகு இங்கேயே தங்கிய முஸ்லிம்களுக்கு அரசியல் வழி எது என்ற கேள்வி எழுந்தது. 1948 மார்ச் 10ஆம் தேதி சென்னையில் இந்திய யூனியன் முஸ்லிம் லீக் உருவானது. காயிதே மில்லத் முஹம்மது இஸ்மாயில் சாஹிப் அதற்குத் தலைமை ஏற்றார். இந்த நாட்டின் அரசியல் சட்டத்துக்குள் நின்று உரிமை கேட்கும் பாதை அது.

குமரி மண்ணில் அப்போது எழுந்த பெரும் கேள்வி பாகிஸ்தானைப் பற்றியதே அல்ல. தாய்த் தமிழகத்தோடு இணைவதுதான். மார்ஷல் நேசமணி தலைமையில் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் நடத்திய அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் அப்துல் ரசாக் இருந்தார். 1954இல் தேவிகுளம், பீர்மேடு தமிழ்த் தொழிலாளர்களுக்காக நேசமணி, சிதம்பரநாதன் ஆகியோரோடு தடையை மீறிச் சென்று கைதானவர் அவர். மாநிலங்களவை உறுப்பினராகவும் இருந்தார். அதே ஆண்டு ஆகஸ்ட் 11ஆம் தேதி மார்த்தாண்டம், புதுக்கடை பகுதிகளில் துப்பாக்கிச் சூட்டில் உயிர்கள் பலியாயின. 1956 நவம்பர் 1ஆம் தேதி நான்கு தாலுகாக்களும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழகத்தோடு இணைந்தன. நம் மாவட்டம் எந்த நாட்டில், எந்த மாநிலத்தில் இருக்க வேண்டும் என்பதற்கு இந்த மண்ணின் முஸ்லிம்கள் கொடுத்த பதில் இந்தப் போராட்டத்தில் இருக்கிறது.

சி.பி.யின் பிற்காலம் சொல்லும் பாடம்

பதவி இழந்த சி.பி.யை இந்திய நாடு ஒதுக்கி வைக்கவில்லை. காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்கும் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்கும் அவர் துணைவேந்தராக இருந்தார். தேசிய ஒருமைப்பாட்டுக்காக அமைக்கப்பட்ட ஒரு குழுவுக்கு அவரே தலைவர் ஆனார். நாட்டின் ஒருமைப்பாட்டையும் இறைமையையும் காப்பதாக வேட்பாளர்களும் உறுப்பினர்களும் உறுதிமொழி எடுக்க வேண்டும் என்ற 1963ஆம் ஆண்டின் 16ஆவது அரசியல் சட்டத் திருத்தம் அந்தக் குழுவின் பரிந்துரையை ஒட்டி வந்தது. அந்த ஆண்டில்தான் திராவிட முன்னேற்றக் கழகமும் திராவிட நாட்டுக் கோரிக்கையைக் கைவிட்டது.

தனி நாட்டுக்காக ஜின்னாவோடு தொடர்பு கொண்டவர், பிரிவினை பேசக் கூடாது என்ற சட்டத்துக்கு வழி சொன்னார். இதில் நாம் குறை காணவில்லை. ஒரு மனிதர் தம் முடிவை மாற்றிக்கொண்டபோது நாடு அவரது அறிவைப் பயன்படுத்திக்கொண்டது. அது பெருந்தன்மை. அவருடைய சமூகத்தாரிடம் 'நீங்கள் யார் பக்கம்?' என்று எவரும் கேட்டதில்லை. கேட்கவும் கூடாது. நாம் கேட்பது ஒன்றே: அந்தப் பெருந்தன்மையின் அளவுகோல் எல்லோருக்கும் ஒன்றாக இருக்கட்டும். கடிதம் எழுதிய திவானிடம் கேட்காத கணக்கை, கடிதத்தைக் கண்ணால்கூடப் பார்க்காத தேங்காய்ப்பட்டணத்து மீன் வியாபாரியின் பேரனிடம் கேட்பது நீதியல்ல.

நாம் செய்ய வேண்டியது

கோபப்பட்டுப் பதில் சொல்வதைவிட ஆதாரத்தோடு பதில் சொல்வதே நம் பிள்ளைகளுக்கு நாம் தரக்கூடிய பலம். அதிகார மாற்றக் கால ஆவணங்கள் பிரிட்டனில் 12 தொகுதிகளாக அச்சாகியுள்ளன. ஜின்னாவின் கடிதங்கள் பாகிஸ்தானில் தொகுக்கப்பட்டுப் பல தொகுதிகளாக வந்துள்ளன. திருவிதாங்கூர் அரசின் கோப்புகள் திருவனந்தபுரம் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. நாகர்கோவிலிலிருந்து பேருந்தில் போய்த் திரும்பும் தூரம்தான். வரலாறு படிக்கும் நம் கல்லூரி மாணவ மாணவியரில் சிலராவது இதை ஆய்வுப் பொருளாக எடுக்க வேண்டும்.

அதைவிட அவசரமான வேலை ஒன்று நம் கையிலேயே இருக்கிறது. மன்னரும் திவானும் தலைவர்களும் எழுதியவை பத்திரமாக இருக்கின்றன. சாதாரண மக்கள் எழுதியவைதாம் அழிந்துகொண்டிருக்கின்றன. பள்ளிவாசல் அலமாரிகளில் உள்ள பழைய ஜமாஅத் பதிவேடுகள், நிக்காஹ் புத்தகங்கள், கொழும்பிலிருந்தும் பினாங்கிலிருந்தும் வந்த கடிதங்கள், 1954 போராட்டக் காலத்துத் துண்டறிக்கைகள் ஆகியவை கரையானுக்கு இரையாகும் முன் படியெடுத்து வைக்கப்பட வேண்டும். அந்த நாட்களைப் பார்த்த பெரியவர்கள் இன்னும் சிலர் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் பேச்சைப் பதிவு செய்ய ஒரு கைப்பேசி போதும்.

1947இல் நம்மை யாரும் கேட்கவில்லை. நாம் இந்த மண்ணில் இருந்தோம், இந்த மண்ணுக்காகவே நின்றோம் என்பதற்கான சான்றுகளை நாமே திரட்டி வைத்தால், அடுத்த ஆகஸ்டில் நம் பிள்ளையிடம் அந்தக் கேள்வியைக் கேட்பவருக்கு அமைதியாக உட்கார்ந்து பதில் சொல்லலாம், இன்ஷா அல்லாஹ்.